தலை மட்டும் பாக்கி

மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்சந்தில்
பதினாறு வருடமாய் ஃபிளெக்ஸ் அடிக்கிறேன்.
காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி.
ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இது.

பட்டியல் இன்றைக்கு என்றார்கள்.
நேற்றும் அப்படித்தான் சொன்னார்கள்.

கணினியில் கோப்பு திறந்தே கிடக்கிறது:
‘உங்கள் வெற்றி வேட்பாளர்’.
மேலே தலைவர், வலது மூலையில் சின்னம்,
நடுவில் வெள்ளைச் சட்டை, கூப்பிய கை.
கழுத்துக்கு மேல் காலி.
அந்த இடத்தில் வானம் தெரிகிறது.

உடம்பு சூசைநாதனுடையது.
எதிர் டீக்கடைக்காரர்.
போன தேர்தல் அவசரத்தில்
என் சட்டையைப் போட்டு நிற்கவைத்து எடுத்தது.
சட்டைக்குள் தெரிந்த சிலுவைக் கயிற்றை அழிக்க
அரைமணி ஆனது.
கட்டைவிரலில் பாய்லர் சுட்ட தழும்பு.
அதை விட்டுவிட்டேன், யார் பார்க்கப்போகிறார்கள்.

கஜபதிக்குத்தான் என்கிறது துறைமுகம்.
நான்கு விசைப்படகு,
மூன்று குப்பம் சொன்னபடி கேட்கும்.
வெள்ளத்தின்போது அரிசி கொடுத்தார்.
மூட்டைமேல் இருந்த அவர் படம்
நான் அடித்ததுதான்.

இல்லை, புஷ்பலீலா என்கிறது திருப்பாதிரிப்புலியூர்.
நேர்காணலில் மூன்றே கேள்வியாம்:
எந்த வார்டு, எத்தனை வருடம், எவ்வளவு.
மூன்றாவதற்கு அவர் சிரித்தாராம்.
இருக்கிறது என்ற சிரிப்பா
இல்லை என்ற சிரிப்பா,
இரண்டு நாளாய் அதே பேச்சு.

வக்கீல் இளவழுதி
யாருக்குக் கொடுத்தாலும் வேலை பார்ப்போம் என்பார்.
அவர் பெயரை உரக்கச் சொல்ல
ஆறு பேருக்கு சூசை கடையில் கணக்கு வைத்திருக்கிறார்.

மாவட்டத்தின் மருமகன் தீபன்ராஜ்
அறுபது போர்டுக்கு முழுப்பணமும் கட்டிவிட்டார்.
செம்மண்டலம் தொடங்கி ஆல்பேட்டை செக்போஸ்ட் வரை.
ரசீது வேண்டாம் என்றார்.
இவர்தான் என்று முடிவுகட்டினேன்.
சாயங்காலம் புஷ்பலீலாவின் தம்பி வந்து
எண்பதுக்குக் கட்டினான்.

பாடலீஸ்வரர் கோவில் குருக்களிடம்
நாலு பேர் நட்சத்திரமும் இருக்கிறது.
வாயைத் திறப்பதில்லை.
தட்டை மட்டும் நீட்டுகிறார்.

பெஞ்சில் ஒருவர் விரல்விட்டு எண்ணினார்.
“அவங்க நாப்பது. இவங்க முப்பது.”
சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து வந்த பையன்
பன்னைக் கடித்தபடி கேட்டான்:
“மீதி முப்பது யாரு?”
கொஞ்ச நேரம் பாய்லர் சத்தம் மட்டும்.

தலைகளை ஒட்டிப் பார்த்துவிட்டேன்.
கஜபதியின் வெயில் நிறம் கையோடு சேர்கிறது.
வக்கீலுக்குக் கையை வெளுக்க வேண்டும்.
மருமகனுக்குக் கழுத்தே கிடையாது,
காலரை ஏற்றினால் சரி.
புஷ்பலீலாவுக்குத்தான் உடம்பு அகப்படவில்லை.
பதினாறு வருடக் கோப்புகளையும் துழாவினேன்,
கும்பிடும் பெண் ஒருத்திகூட இல்லை.
கண்ணீர் அஞ்சலியில் இருக்கிறார்கள்,
கழுத்து வரை.

டீயை வைத்துவிட்டு சூசை சொன்னார்:
“அப்போ அந்தம்மாவுக்கு இல்ல.”
தலைமைக்கு முன்னே
தெரிந்துபோனது எனக்கு.

பதினொன்று நாற்பதுக்குப் பட்டியல் வந்தது.
சந்திலிருந்த எல்லா கைப்பேசியும்
ஒரே நேரத்தில் கனைத்தன.
மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே தேடினார்கள்.
கடலூரே அதில் இல்லை.
தொகுதி கூட்டணிக்குப் போயிருந்தது.

யாரோ ஒரு பைக்கை உதைத்துத் தள்ளினான்.
யாரோ, இது நல்லதுக்குத்தான் என்றான்.
அட்வான்ஸைப் பற்றி
இதுவரை யாரும் கேட்கவில்லை.
நானாகச் சொல்வதாயும் இல்லை.

விடியற்காலை ஒரு படம் அனுப்பினார்கள்.
தலைவரை மாற்றினேன்.
சின்னத்தை மாற்றினேன்.
அவர்கள் கொடிக்கு ஏற்ப
வானத்தையும் கொஞ்சம் மாற்றினேன்.
வந்த தலையைக் கழுத்தில் வைத்தேன்.
இடப்பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறது,
கும்பிடுவது தானில்லை என்பதுபோல.

முதல் டீயோடு வந்த சூசை
திரைக்குக் கிட்டே குனிந்தார்.
“யாரு இவரு?”
“நம்ம வேட்பாளர்.”
“எந்த ஊரு?”
“தெரியல.”

தன் கட்டைவிரலை ஒருமுறை பார்த்தார்,
திரையை ஒருமுறை.
“கை சரியா இருக்கு” என்றவர்
பால் பொங்குகிறதென்று
ஓடிவிட்டார்.