கடைசி டாக்சி, ஜூரோங்

இரவு பதினொன்றே காலுக்குத்தான்
எங்களுக்குப் பனித்தளம் கிடைக்கும்.
அதுவரை யாரோ சிறுவர்களின் பிறந்தநாள்.

பிரெஞ்சு மலையூர் ஒன்றில்
சம்பளத்துக்கு ஆடியவன் லூசியன்.
முன்பற்கள் இரண்டை அங்கேயே விட்டுவிட்டு
இங்கே வங்கியில் வேலை.
எங்களோடு
நாற்பது வெள்ளி கட்டி ஆடுகிறான்.

"எங்கள் ஊரில் உள்ளே வந்தால்தான் கதகதப்பு"
என்று சொல்லிக்கொண்டே அடித்தான்.
ரப்பர் வட்டு என் முகக்கம்பியில் மோத,
கடைவாய்வரை கூசியது.
சிரித்தான், ஓட்டையோடு.

கதவைத் திறந்ததும்
மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போனது.
மழை விட்டிருந்தது; தார்ச்சாலை ஆவி விட்டது.

நீளப் பையைப் பார்த்த டாக்சிக்காரர்
"மீன் பிடிச்சிட்டு வர்றியாம்மா?" என்றார்.
கோல் காக்கிறவள் நான்.
"பதினேழு பிடிச்சேன் அங்கிள்," என்றேன்,
"மூணு நழுவிடுச்சு."