ஏழாவது சுற்று

வாரத்தில் ஆறு நாள்
பஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப் போகிற சாலை.
செம்பவாங்கில் இறங்கி
கடற்படைக் கிடங்கில் திருகாணிகளை எண்ணிப் பதிகிற எனக்கு
அப்பர் தாம்சனின் வளைவுகள்
கழுத்து வலியாகத்தான் பழக்கம்.

புனித வெள்ளியன்று அதை அடைத்தார்கள்.
மண்மூட்டை, வைக்கோல், காலி எண்ணெய்ப் பீப்பாய்.
நான் தினமும் நிற்கும் பஸ் நிறுத்தக் கம்பத்துக்கு
ஒரு மெத்தையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.
யார் வீட்டுக் கட்டிலோ
அன்றிரவு வெறும் பலகை.

மூட்டை கட்டிக் கிளம்பிய விமானப்படைக்காரன்
விற்றுவிட்டுப் போன ஸ்பிரைட்.
பாதி என் சீட்டுப் பணம்,
பாதி பூன் லெங் பட்டறையின் கடன்.
கதவில் முப்பத்தேழு.
வெள்ளை டேப் தீர்ந்துபோய்
ஏழுக்குக் கால் குட்டை.

'மேட்டில் காலை எடு.
பாம்புகளில் கியரை மாற்றாதே.
பேய் வளைவில் சாமி கும்பிட்டுக்கொள், கண்ணை மூடாமல்.'
பூன் லெங் மலாயில்தான் சொன்னான்.
பயம் எனக்குத் தமிழில் வந்தது.

பயிற்சியில்
மேட்டைத் தாண்டிய கார் தரைக்கு வந்த பிறகும்
வயிறு வரவில்லை.
வருடம் முழுக்க பஸ்கள் சொட்டிய எண்ணெய்
சாலை நடுவே கறுப்பாய் மினுங்கியது.
அதன்மேல் பிரேக்கைத் தொட்டால்
கார் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்லும்.
சனிக்கிழமை முழுக்க
நான் கேள்வியையே தப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு.
புல்மேட்டில் குடைக்குக் கீழே செண்பகவல்லி.
அவள் பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயக் கடிகாரம்,
மடியில் வீட்டுக் கணக்குப் புத்தகம்.
அவளுக்குப் பந்தயம் பிடிக்காது,
கணக்கு விட்டுப்போவதும் பிடிக்காது.

ஆறாவது சுற்றில் மழை,
அதுவும் பாதிச் சாலைக்கு மட்டும்.
நேர்ப்பாதையில் புழுதி, காட்டுப் பக்கம் வெள்ளம்.
முதல் பாம்பு விட்டது, இரண்டாவதும் விட்டது.
பேய் வளைவில் மரங்கள் எல்லாம்
இடமிருந்து வலமாக ஓடின,
பிறகு இன்னொரு முறை அதே மரங்கள்.

சத்தம் நின்றபோது
பின்சக்கரம் ஒன்று லோங்காங்குக்கு மேல்
சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.
கிளையிலிருந்த குரங்கு
பலாக்கொட்டையைத் தின்பதை நிறுத்தவில்லை.
கம்போங் பையன்கள் நான்கு பேர், செருப்பில்லாமல்,
கொடிக்காரர் திட்டத் திட்ட
என்னைத் தூக்கிச் சாலையில் வைத்தார்கள்.
ஒருவன் கூரையில்லாத காருக்குள் எட்டிப் பார்த்து,
'அண்ணே, ஹார்ன் இருக்கா?'
அடித்துக் காட்டினேன்.
பதினைந்து விநாடி போயிருக்கும் அதில்.

பதினோராவது. முடித்தவர்கள் பதினான்கு.
பூன் லெங் வளைந்த மட்கார்டைத் தடவியபடி
கோப்பி ஓ வாங்கிக் கொடுத்தான்,
என் கணக்கில்.

இரவு புத்தகத்தைப் புரட்டினேன்.
பால், மண்ணெண்ணெய், மாமாவுக்கு மணியார்டர்,
அதற்குக் கீழே உருண்டையான அவள் எழுத்தில் சுற்றுகள்.
இரண்டு நிமிடம் நாற்பத்தொன்று.
இரண்டு முப்பத்தெட்டு.
ஏழுக்கு நேரே ஒன்றுமில்லை.
தாளில் மட்டும் பேனா முனை குத்தி நின்ற
ஒரு சிறு துளை.

'என்ன இது?'
'மை தீர்ந்துபோச்சு,' என்றாள்
அரிசி களைந்தபடி.
எட்டாவது சுற்று
அதே நீலத்தில் இருந்தது.

திங்கட்கிழமை பஸ்ஸில் நான் தூங்கவில்லை.
பேய் வளைவில் டிரைவர் தாமதமாக பிரேக் பிடித்தார்,
பீடியைக் கூட எடுக்காமல்,
நாற்பது பேரோடு, ஒரு கூடைக் கோழியோடு,
நான் தேடிக் கிடைக்காத அந்தக் கோட்டிலேயே
வழுக்காமல் போனார்.
என் டயர் தடம் சன்னலுக்குக் கீழே
ஒரு கணம் தெரிந்தது.
டிக்கெட்டைச் சுருட்டிக் காதில் செருகிக்கொண்டேன்.