கவுனித் தண்ணீர்

எங்கள் பக்கம் காரம் என்றால் மிளகாய்.
பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் காரம் என்றால்
என் அப்பா.

சாத்தையா, வெள்ளையடிக்கிறவர்.
கல்லுச் சுண்ணாம்பை டிரம்மில் கொட்டித் தண்ணீர் விட்டால்
அடுப்பில்லாமல் கொதிக்கும்.
அந்தக் கொதிப்பின் மிச்சம் அவர் விரலிடுக்கில்
வெடித்து ஆறி, ஆறி வெடிக்கும்.
ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு
சோற்றை ஸ்பூனால் அள்ளுவார்.
துரை சாப்பிடுறாரு என்பாள் அம்மா.

ஆவணியில் சிகப்பி வீட்டுக் கல்யாணம்.
கோட்டையூரில் அந்தத் தெரு முழுக்க அவர்கள் சுவர்தான்.
இரண்டாம் கட்டு வரைக்கும் அடித்தார், பதினோரு நாள்.
பங்காளிகள் இருபத்திரண்டு பேர்.
கூலியை யார் கணக்கில் எழுதுவது என்று
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.
மாப்பிள்ளை சிங்கப்பூர் போய்ச் சேர்ந்து
பொண்ணுக்கு விசாவும் வந்துவிட்டது.

சிகப்பி என் வகுப்பு.
ஆவணியிலிருந்து நான் அவளோடு பேசுவதில்லை.
ஏனென்று அவள் கேட்கவில்லை.
அதனால் அவளுக்குத் தெரியும்.

மார்கழியில் ஆய்வகம்.
லிட்மஸ் தாள் தீர்ந்துபோச்சு,
வீட்டில் இருப்பதைக் கொண்டுவாங்க
என்றார் ஜெபராணி டீச்சர்.
புளித்த மோர் வந்தது. சலவைச் சோடா வந்தது.
கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஒருத்தி
ஜூஸ் பாட்டிலில் கொண்டுவந்து திட்டு வாங்கினாள்.
நான் தூக்குவாளியில் சுண்ணாம்புப் பால்.
சிகப்பி, கவுனி அரிசி அலசிய தண்ணீர்.
அவள் அம்மா பலகாரம் போட்டு விற்கிறாள்;
தினம் சாக்கடையில் போகிற கறுப்பு ஊதா.

எலுமிச்சைக்கு அது சிவந்தது.
சோடாவுக்கு நீலப்பச்சை.
மிளகாய்த்தூள் கரைசலுக்கு ஒன்றுமே ஆகவில்லை.
இத்தனை வருஷத்துக் காரமும்
வெறும் நாக்கோடு சரியா என்று
வகுப்பே ஏமாந்துபோனது.
என் சுண்ணாம்பில் விட்டதும்
பாசி பிடித்த ஊருணிப் பச்சை.

ஜோடி பிரித்தது டீச்சர். நான் கேட்கவில்லை.
சோதனைக்குழாயை நான் பிடிக்கணும்,
அமிலத்தை அவள் சொட்டணும்.
ஒரு துளி. ஆட்டு.
ஒரு துளி. ஆட்டு.
சுண்ணாம்பு தெளிந்துகொண்டே வந்தது.

போர்டில் எழுதினார்: உப்பும் தண்ணீரும்.
இது சோத்துல போடுற உப்பு இல்ல,
யாரும் நக்கிப் பாக்காதீங்க.
ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு
எல்லாம் போர்டுக்கு வெளியே.
அம்புக்குறிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்
பைசா பாக்கி இல்லாமல் கணக்கு நேராகிவிட்டது.

அங்கே எழுதாத ஒன்று என் விரலுக்குத் தெரிந்தது.
குழாய் சுட்டது.
அடுப்பில்லாமல்,
அப்பாவின் டிரம் மாதிரி,
ஆனால் காய்ச்சல்காரக் குழந்தையின்
உள்ளங்கை அளவுக்கு.

"தொட்டுப் பாரு" என்றேன்.
நான்தான் சொன்னேன்.
நாலு மாதத்துப் பிடிவாதம்
இரண்டு சொல்லில் போனதே என்று
எனக்கே எரிச்சல்.

அவள் டிராப்பரைத் தாழ்த்தி, மறு கையால் தொட்டாள்.
"சுடுது."
பிறகு, தொட்ட விரலை எடுக்காமல்,
"உங்கப்பா கை இப்ப எப்படி இருக்கு?"

பதில் சொல்லவில்லை நான்.
கூலி எப்போ வரும் என்றும் கேட்கவில்லை.
இருபத்திரண்டு பேரில் அவள் ஒருத்தி இல்லை.

இன்னும் நாலைந்து துளி.
பச்சை போய், நீலம் போய்
கவுனியின் சொந்த ஊதா திரும்பி நின்றது,
ஒரே ஒரு மூச்சு நேரம்.

அதைப் பார்த்த பராக்கில் அவள் கை
ஒரு துளி கூட விட்டுவிட்டது.
குப்பென்று சிவப்பு.
"சிகப்பி, சிகப்பாயிருச்சுடி!"
பின் பெஞ்சு சிரித்தது.

டீச்சர் எட்டிப் பார்த்தார்.
கொட்டிக் கழுவுங்க. மொதல்லேருந்து.

தூக்குவாளியில் பாதிச் சுண்ணாம்பு இருந்தது.
அவள் பாட்டிலில் கால்வாசி.
"இந்தத் தடவை குழாயை நான் பிடிக்கிறேன்"
என்றாள் சிகப்பி.