ஏழாம் எண்ணுக்கு ஒரு பூச்சு

குளிர் இரும்பைத் தின்பதில்லை.
புதிதாய் வருகிறவர்களிடம் சொன்னால் நம்புவதில்லை.
மைனஸ் முப்பதில், வெளித்தாழ்வாரத்து ஆணியில்
மாதக்கணக்கில் தொங்கட்டும், ஒன்றும் ஆகாது.
பாவம் பார்த்து உள்ளே கொண்டுவந்தால் போச்சு.
அடுப்பருகே துப்பாக்கிக்கு வியர்க்கும்.
வியர்த்த இடமெல்லாம் மறுநாள் செம்புள்ளி.

லாங்யியர்பியனில், படகுத்துறைக்கு மேலே என் பட்டறை.
பனியாற்றை அளக்க, பாசியை எண்ண,
பறவைக்கு வளையம் மாட்டப் போகிறவர்களுக்கு
கரடிக்காவலாக இருபத்திரண்டு துப்பாக்கிகள், இரவலுக்கு.

ஏழாம் எண் ஜூனில் திரும்பி வந்தது.
போரில் தோற்றவர்கள் எங்கள் நாட்டில் விட்டுப்போன மவுசர்.
முத்திரைக் கழுகை யாரோ உளியால் கொத்தியிருக்கிறார்கள்,
ஒரு சிறகு மட்டும் பாக்கி.
நீலம் எப்போதோ போய்விட்டது.
கை பிடிக்கிற இடம் பழைய காசு மாதிரி வெளுத்திருந்தது.

அந்த வெளுப்பில், இடப்புறம், ஒரு கட்டைவிரல் ரேகை.
மையில் அல்ல, துருவில்.
சுழிக்குள் சுழி.
எண்ணெய்த் துணிக்கு அசையவில்லை.

பதிவேட்டில்: ஹால்டிஸ் ரோக்னே. பதினொரு நாள்.

சிலருடைய வியர்வை அப்படி, இரும்புக்கு ஆகாது.
அதை மட்டும் சொல்லிவிட்டு விடலாம் என்றுதான் அவளைக் கூப்பிட்டேன்.
நின்றபடியே சொன்னாள்:
"கூடாரத்துக்கு நாற்பது அடியில் வந்து உட்கார்ந்தது.
உள்ளே மூன்று பேர் தூங்குகிறார்கள்.
கையுறையைக் கழற்றினேன்.
அது எழுந்து போகிறவரைக்கும் விரலை எடுக்கவில்லை."
எவ்வளவு நேரம்?
"கடிகாரம் அந்தக் கையில் இல்லை."

அதற்குப் பிறகு இரண்டு வாரம் நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

மறுபடி நீலம் ஏற்றலாம், அழகு.
ஆனால் நீலமும் ஒருவகைத் துருதானே,
படித்து வேலைக்குப் போன துரு.
பங்காளியைக் காவலுக்கு வைத்தால்
ஒருநாள் கதவைத் திறந்துவிடுவான்.
பாஸ்பேட் முரடு, உழைக்கும்.
எண்ணெய் குடித்தால்தான் உழைக்கும்.
பிப்ரவரியில் அந்த எண்ணெய் கூழாகி
சுடும் ஊசியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும்,
குதிரையை இழுத்தவன் ஒரு சின்ன 'டிக்' கேட்டுக்கொண்டு நிற்பான்.
குரோமியம்? கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

செராமிக்தான் மிச்சம்.
தலைமுடியில் பாதிகூடத் தடிமன் இல்லை,
எண்ணெய் கேட்காது, உப்புக்காற்றுக்கு முகம் கொடுக்காது.
ஆனால் ஒட்டவேண்டுமென்றால்
முதலில் மணலை வீசி இரும்பை அம்மணமாக்க வேண்டும்.
எல்லாம் போகும். ரேகையும்.

கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமா என்றுகூட யோசித்தேன்.
"மணலை வீசுங்கள்," என்றாள் ஹால்டிஸ்.
"அடுத்து எடுத்துப்போகிற ஆள்
என் பயத்தின் மேல் கைவைத்துக்கொண்டா நிற்கவேண்டும்?"

வண்ண அட்டையில் செங்காவியைத் தொட்டாள்.
பனியில் விழுந்தால் தெரியுமாம்.
நிஜத் துரு வந்தால் தெரியாதே, என்றேன்.
அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.
வெளிர்சாம்பலில் முடிந்தது, தாழ்ப்பாளின் பிடி மட்டும் ஆரஞ்சு.

குழலின் இரு வாயையும் அடைத்தேன்.
ஐந்து நிமிடத்தில் ரேகை இல்லை.
சிறகு ஆழமாக இருந்ததால் போகவில்லை.
யார் எதைக் கேட்டாலும், மணல் ஆழத்தைத்தான் பார்க்கிறது.
அசிட்டோனில் கழுவி, பூசி,
இரண்டு மணிநேரம் அடுப்பில் தொங்கவிட்டேன்.
பட்டறை முழுக்கக் கருகிய பிளாஸ்டிக் வாசம்,
சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஆறியதும் வந்து கட்டைவிரலை அழுத்தினாள்,
அதே இடத்தில், வேண்டுமென்றே.
எடுத்தபோது ஈரமாய் ஒரு சுழி.
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
சட்டைக்கையால் துடைத்தாள்.
போய்விட்டது.

"ஆகஸ்டுக்கு யாருக்கு?" என்றாள்.
போலந்துக்காரர்கள், பாசி எண்ணுகிறவர்கள், என்றேன்.
தாழ்வாரத்து ஆணியில் தானே கொண்டுபோய் மாட்டினாள்,
குளிரில்.