முதலெழுத்து

போதகர் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வருவார்,
அதுவும் படகு ஓடினால்.
மற்ற ஞாயிறுகளில் நான் வாசிக்கிறேன்.
பரோயே தீவுகளின் சிற்றூர்களில் இதுதான் நடைமுறை:
வாசிப்பவள் பீடத்துப் படி ஏறக் கூடாது,
கைகளை உயர்த்தக் கூடாது.
முடிவில் போதகர் கூறும் ஆசியை
அவளும் கூறலாம், ஒரு மாற்றத்தோடு:
உம்மை என்று அவர் சொல்லுமிடத்தில்
நம்மை.
முதலெழுத்து ஒன்றுதான் வேறு.
பன்னிரண்டு வருடமாக அந்த எழுத்து எனக்கு உறுத்தல்.

மற்ற ஆறு நாளும் துறைமுகத்தில் வேலை.
சிவப்பு விளக்கும் என் கையில், பச்சையும் என் கையில்.
நில் என்றால் பதினொரு படகும் நிற்கும்,
போ என்றால் போகும்.
வேதத்தில் வரும் அந்த நூற்றுக்கு அதிபதியை வாசிக்கும்போதெல்லாம்
தூரத்து உறவுக்காரன்போல் இருப்பான்.

விடியற்காலை ஐந்து மணிக்கு, காற்றுமானியைப் பார்க்குமுன்,
நாட்காட்டித் தாளைக் கிழிப்பேன்.
அன்றைய பகுதி அதன் முதுகில் இருக்கும்:
அதிகாரம் இன்னது, வசனம் இன்னது.
எத்தனையோ அதிகாரங்களை இந்த விரலால் புரட்டியிருக்கிறேன்;
ஒன்றும் விரலில் ஒட்டவில்லை.

செவ்வாய்க்கிழமைப் பகுதியோடு எனக்குச் சண்டை.
மாடு இடறுகிறது, உடன்படிக்கைப் பெட்டி சாய்கிறது,
ஒருவன் கை நீட்டித் தாங்குகிறான், அங்கேயே சாகிறான்.
நானும் நீட்டியிருப்பேன், ஆண்டவரே.
சாய்வதைப் பார்த்துக் கைகட்டி நிற்க
எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.
காப்பி ஆறிப்போயிற்று. பதில் வரவில்லை.

வியாழனன்று மேற்கே மேகம் கறுத்தது.
பாரமானி சரிந்தது. சிவப்பைப் போட்டேன்.
தான்யால் படகுக்கயிற்றைத் தரையில் எறிந்தான்.
“எந்த அதிகாரத்தில் இதைச் செய்கிறாய்?”
மேசையில் விதிப்புத்தகம் இருந்தது, நான்காம் பிரிவு;
அதையே நீட்டினேன்.
இருட்டும்வரை கடல்
கழுவிக் கவிழ்த்த தட்டுபோலக் கிடந்தது.
புயல் வடக்கே எங்கோ போய்விட்டது.
ஊரே ஒரு நாள் மீனை இழந்தது,
காட் மீன் விலை ஏறியிருந்த வாரத்தில்.
கடையில் எனக்கு ரொட்டி தந்தார்கள், பேச்சுத் தரவில்லை.

சனி இரவு, ஞாயிற்றுக்கான பகுதியைத் திறந்தால்,
ஆலயத்தில் மூப்பர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு
தான்யால் கேட்டதையே கேட்கிறார்கள்.
அவர் புத்தகம் எதையும் நீட்டவில்லை.
கேள்விக்கு ஒரு கேள்வி, அவ்வளவுதான்.
அவர்கள் தங்களுக்குள் முணுமுணுத்து, தெரியாது என்கிறார்கள்.
அந்த வாரம் என்னிடமும்
அதைத் தவிர மெய்யான சொல் ஒன்றும் இல்லை.

மார்ஜுன் ஆர்மோனியத்தை மிதிக்கத் தொடங்கினாள்.
கூரையிலிருந்து தொங்கும் மரக்கப்பல்,
எப்போதோ கரைசேர்ந்த ஒருவன் நன்றிக்குச் செதுக்கித் தந்தது,
கதவுக் காற்றில் மெல்லத் திரும்பியது.
இருபத்தாறு பேர். கடைசி வரிசையில் தான்யால்,
கம்பளிச் சட்டைப் பொத்தானைத் திருகியபடி.
அந்தக் கேள்விக்கு வந்தபோது யாரோ இருமினார்கள்.
என் குரல் நடுங்கியது. மறைக்கவில்லை.

பிறகு எல்லாரும் எழுந்தார்கள், பீடத்தை நோக்கி.
நானும் பீடத்தை நோக்கித்தான் நின்றேன்.
அப்போது உறைத்தது:
ஊரைப் பார்த்துக் கை உயர்த்தி
உம்மை என்று சொல்லும்போது, பாவம், போதகர் மட்டும்
அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கிறார்.
எனக்குக் கிடைத்த சொல்லில் வெளி என்பதே இல்லை.
தவறாகச் சிவப்பைப் போட்டவளும் அதற்குள்,
கயிற்றை எறிந்தவனும் அதற்குள்.
பெட்டியைத் தாங்கிச் செத்தவனையும்
அனுமதி கேளாமல் சேர்த்துக்கொண்டேன்.

கைகள் தொங்கியபடியே இருந்தன.
நம்மை, என்றேன்.
ஆமென் வந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒன்று
சற்றுத் தாமதமாக.

திங்கள், ஐந்து மணி. தாளைக் கிழிக்கிறேன்.
வடகிழக்குக் காற்று, நொடிக்குப் பதினேழு மீட்டர்.
சிவப்பு.
ரேடியோவில் தான்யாலின் கரகரப்பு: “சரி.”
காப்பியை இன்று சூடாகவே குடித்தேன்.
செவ்வாய்ச் சண்டை இன்னும் தீரவில்லை.