நானே நேரில் இருந்தாற்போல

பவர் எழுதிக் கொடுக்க லீவு வேண்டும் என்றதும்
பக்கத்து மிஷின் பூங்கோதை சிரித்தாள்:
"உன்றகிட்ட ஏதுக்கா பவரு, குடுக்கறக்கு?"

காங்கயத்தில் பேக்கரிக்கு மேல்மாடி, நோட்டரி ஆபீஸ்.
தேங்காய் பன் வேகும் வாசத்தில்
குமாஸ்தா படித்துக் காட்டினார்:
'வெள்ளகோவில், குமாரசாமி மனைவி
துளசிமணி ஆகிய நான்…'
மனைவி என்பதை அடிக்கச் சொன்னேன்.
"அப்பறம் ஆரு பேரைப் போடறதுங் அம்மிணி?"
நாச்சிமுத்து மகள் ஆனேன்.
மறுபடி பிரிண்ட், இருபது ரூபாய்.

ஆதாரில் என் பேருக்கு ஒரு எச் கூடுதல்,
பாஸ்போர்ட்டில் இல்லை.
இருவரும் ஒருவரே என்று
தனியாக ஒரு உறுதிமொழி.
நானும் நானும் கையெழுத்துப் போட்டோம்.

குவைத்தில் ஆறு வருசம் மிஷின் மிதித்தவள்.
கறுப்புத் துணியில் கறுப்பு நூல்,
கண்ணுக்குத் தெரியாத ஓரமடிப்பு.
கடைசிப் பதினாலு மாசச் சம்பளம் கேட்டால்
'புக்ரா' என்பார் முதலாளி. நாளைக்கு.
தினமும் அவர் மேசைக்கு முன்னால்
நேரில்தான் நின்றேன்.

இப்போது,
முகம் பார்க்காத அந்த ஊர் வக்கீல்
எனக்காகப் பேச, வாங்க, ரசீது கொடுக்க,
'நானே நேரில் இருந்து செய்தாற்போல'
சம்மதிக்கிறேனாம்.
அந்த வரியை இன்னொருக்கா படிக்கச் சொன்னேன்.

சிவப்பு நட்சத்திரம் ஒட்டி
இரும்பு முத்திரையை அமுக்கினார் நோட்டரி.
புடைத்த எழுத்தைத் தடவிவிட்டு
தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன்,
நூல் விட்டிருக்கிறதா என்று.
பழக்கதோசம்.

காந்திபுரம் ஏஜென்ட் விவரம் சொன்னார்:
நீங்கள் போட்ட கையெழுத்துக்கு நோட்டரி சாட்சி.
நோட்டரி நோட்டரிதான் என்பதற்குச் சென்னை.
சென்னை சீலுக்கு டெல்லி.
டெல்லி சொல்வது நெசம் என்று
அவங்க தூதரகம்.
அங்கே போய் இறங்கினதும்
தூதரகத்துக்கு அவங்க மந்திரி ஆபீஸ்.

"பதினாலு மாசத்துக்குங்க?"
"அது இதுல வராதுங்க்கா.
பேப்பர் நெசமான்னுதான் பாப்பாங்க.
பேப்பர்ல இருக்கறது நெசமான்னு
எந்தச் சீலும் சொல்லாது."

பிளாஸ்டிக் உறையில் போட்டார். மடிக்கக் கூடாதாம்.
நான் திரும்பி வந்தபோது
பாஸ்போர்ட் அவர்கள் பெட்டியில் இருந்தது.
ஒற்றைத் தாளில், ஒருவழிக்கு மட்டும்,
எம்பசி கொடுத்ததில்தான் ஊர் வந்தேன்.
அதை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தேன்.

பதினோராயிரத்து ஐந்நூறு.
எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணினார்,
ரசீது கிழித்து நீட்டினார்.

கையெழுத்துப் போட்டுக் குடுங்க என்றேன்.
போட்டார்.

சீலுங்க?