வாரம் மூன்று நாள்

திங்கள், செவ்வாய், சனி
குத்தாலம் கடைத்தெருவில் உரக்கடைக் கணக்கு.
புதன் முதல் வெள்ளி வரை
தண்ணீரில் போனவர்களின் கணக்கு.
இரண்டுக்கும் ஒரே கால்குலேட்டர்தான்.

நீரில் மூழ்குவோரைக் காக்கும் அறக்கட்டளை என்று
கழுத்து அட்டையில் போட்டிருக்கிறது.
நான் யாரையும் காத்ததில்லை.
எனக்கு நீந்தத் தெரியாது.
நேர்காணலில் அதை யாரும் கேட்கவில்லை;
எக்செல் தெரியுமா என்றார்கள்.

காவல் நிலையத்தில் ரைட்டர் சவரிராஜ்
பழைய கட்டுகளை மேசையில் போடுவார்.
கால் தவறி.
பிரித்த எல்லாவற்றிலும் கால் தவறி.
நூற்றுப் பதினான்கு பேருக்கும் ஒரே கால்.
'இவர் கொள்ளிடத்தில மணல் அள்ளின குழியில சார்,
பேப்பர்லயே வந்துச்சே.'
'அதாம்மா, கால் தவறி.'
டீ சொல்வார். நல்ல மனிதர்தான்.
சர்க்கரை கம்மியா என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

நீச்சல் தெரியுமா என்ற கட்டத்தில்
பாதிக்கு மேல் 'தெரியும்'.
பதினெட்டாம் பெருக்கன்று மதகுக்கட்டையிலிருந்து
மூன்று முறை குதித்து
நாலாவதுக்கு ஏறியவனுக்கும் 'தெரியும்'.

மேட்டூர் திறந்தால்தான் என் வேலை கூடும்
என்று முதலில் நினைத்திருந்தேன்.
ஐந்து வயதுக்குக் கீழே மட்டும் பிரித்துப் பார்த்தபோது
ஆறே இல்லை அதில்.
வீட்டுப் பின்னால் குட்டை,
தரை மேடாக்க மண் எடுத்த பள்ளம்,
வாத்துக்கு வெட்டிய குழி.
காலை பத்திலிருந்து பன்னிரண்டு.
நடவுக்குப் போன நேரம்.

வரிசை எண் அறுபத்தொன்று, ரித்திஷ், மூன்றேகால்.
வாசற்படியிலிருந்து தண்ணீர் எவ்வளவு தூரம்?
டேப்பை விரித்தேன்.
காற்றில் முறுக்கிக்கொண்டது.
அந்த நுனியை வினோதா பிடித்தாள்,
பிள்ளையின் தாய். என் வயதுதான், இருபத்தாறு.
பதினாலு மீட்டர் என்று எழுதிக்கொண்டேன்.
அவள் நுனியை விடவில்லை.
'எனக்கு இருபது எட்டு,' என்றாள்.
'அவனுக்கு நாப்பது ஐம்பது எட்டு வந்திருக்கும்.
நடுவுல உக்காருவான் வேற,
எறும்பு பாத்தா உக்காந்துருவான்.'

எறும்புக்குப் படிவத்தில் இடம் இல்லை.

அன்று மாலை கடைசிப் பேருந்தில்
மடியில் டேப் தானாகச் சுருண்டு உள்ளே போன சத்தம்.
பக்கத்து இருக்கை அம்மாள் திடுக்கிட்டு
என்னைப் பார்த்தார்.

'யூரியாவுக்கு நேரா மூன்றேகால்னு எழுதியிருக்கியேம்மா,'
கடைக்காரர் சனிக்கிழமை கேட்டார்,
'மூட்டையில ஏது கால் மூட்டை?'
அடித்துத் திருத்தினேன்.

பரிந்துரைப் பக்கத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்:
வாசலுக்கு முழங்காலுக்கு மேல் ஒரு தடுப்பு.
மூங்கிலோ வலையோ. முந்நூற்றெண்பது ரூபாய்.
சென்னையிலிருந்து ஹேமலதா மேடம் போனில்,
'நிதி தர்றவங்க கேக்குறாங்க,
இதனால எத்தனை உயிர் காப்பாத்தியிருக்கோம்?'
செத்தவர்களுக்கு எஃப்.ஐ.ஆர். இருக்கிறது மேடம்.
சாகாதவர்கள் எந்த நிலையத்திலும் இல்லை.
இதைச் சொல்லவில்லை.
பார்த்துச் சொல்றேன் மேடம் என்றேன்.

ஐப்பசி அடைமழையில் ஒரு திங்கட்கிழமை
தலையில் உரச்சாக்கு போர்த்திக்கொண்டு
அறுபத்தொன்றின் தகப்பன் கடைக்கு வந்தான்.
என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
நானும்.
பச்சை வலை இருக்கா, என்ன விலை,
அது அதிகம், பந்தநல்லூரில் குறைவு.
நாற்றங்காலுக்கா என்று கேட்டார் கடைக்காரர்.
'வாசலுக்கு. சின்னது தவழ ஆரம்பிச்சிருச்சு.'

கத்தரிக்கோலை நான் எடுத்தேன்.
ஒரு மீட்டர் போதும் என்றான்.
ஒன்றரை வெட்டினேன்.
ஒன்று என்று பில் போட்டேன்.
அந்த அரை மீட்டர் கணக்கில் இடிக்கிறது,
உரக்கடைக் கணக்கில்.
இன்னும் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.